வண்டிக்குள் இருப்பது எந்த வாயு?

என் மாமனாருக்கு இவ்வுலகில் இரண்டு வஸ்துக்களின் மீது அசையாத நம்பிக்கை உண்டு. ஒன்று காவேரித் தண்ணீர். மற்றொன்று, 1993-ஆம் வருஷத்தில் அவர் வாங்கிய மோட்டார் வண்டி. முப்பது வருஷங்களுக்கு மேல் சென்றும் அதை விற்றுவிட அவருக்கு மனம் வரவில்லை. "இந்த வண்டியில்தான், மாப்பிள்ளை, உங்களைக் கல்யாணத்துக்கு அழைத்து வந்தேன்" என்று அவர் ஆரம்பித்தால், அதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றிக் குறைவாகப் பேசுவது மாப்பிள்ளைக்கு அழகல்ல.

என் மாமியாருக்குச் சில வருஷங்களாக இருதயம் பலஹீனம். மாதம் ஒரு முறை தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு வைத்தியரிடம் வந்து போக வேண்டும். வெயிலில் அலையக்கூடாது என்பது வைத்தியரின் கண்டிப்பான உத்தரவு. ஆகையால் வண்டியிலுள்ள குளிர் சாதனம் அந்தக் குடும்பத்துக்கு ஆடம்பரம் அல்ல. மருந்தோடு சேர்ந்த ஒரு மருந்து.

இரண்டு கோடைகளுக்கு முன்பு அந்தச் சாதனத்தில் குளிர்ச்சி குறைந்தது. பக்கத்துத் தெருப் பட்டறையில் "கேஸ் இறங்கிவிட்டது" என்று சொல்லி ஏதோ ஒரு சிலிண்டரிலிருந்து கேஸ் நிரப்பினார்கள். இரண்டு மாதம் குளிர்ந்தது. பிறகு மறுபடியும் குறைந்தது. மறுபடியும் நிரப்பினார்கள், இந்தத் தடவை வேறு பட்டறை, வேறு சிலிண்டர். அடுத்த அக்கினி நட்சத்திரத்தின்போது, நடுப்பகல் வேளையில், துவாக்குடிக்கு அருகே வண்டியின் முன்புறத்தில் இரும்பை இரும்பு அரைப்பது போன்ற ஓசை கேட்டது. பெல்ட் கருகிப் புகை வந்தது. வண்டி நின்றுவிட்டது.

மாமியார் சாலையோரப் புளியமரத்தடியில் முந்தானையால் விசிறிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, பேச்சுக் குழறியது. அவ்வழியே சென்ற ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, வாடகைக் காரும் வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் புண்ணியவானின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தெய்வாதீனமாக விபரீதம் ஒன்றும் நேரவில்லை.

அன்று சாயங்காலம் மாமனார் என்னைக் கேட்ட கேள்வி இதுதான்: "மாப்பிள்ளை, நீங்கள் ஸயன்ஸ் வாத்தியார் அல்லவா? இந்த வண்டிக்குள் என்ன கேஸ் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்."

"கேஸ் எல்லாம் ஒன்றுதானே, மாமா?" என்றேன்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் கற்பித்து வரும் நான் சொன்ன பதில் அது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிராயச்சித்தமாகவே பின்வரும் விவரங்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அவர்களுக்கு இது பிரயோஜனப்படும் என்று நம்புகிறேன்.

மண்பானையின் தத்துவம்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மோட்டார் வண்டியின் குளிர் சாதனமும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. நீருக்குப் பதிலாக, வெகு குறைந்த உஷ்ண நிலையிலேயே கொதிக்கும் ஒரு திரவம் அதில் சுழல்கிறது. பயணிகளின் எதிரே உள்ள குழாய்ச் சுருளில் அது ஆவியாகி உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்குகிறது. வண்டியின் முகப்பிலுள்ள வலைச் சட்டத்தில், வாங்கிய உஷ்ணத்தை வெளிக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஆவி மறுபடி திரவமாகிறது. இந்தச் சுற்று இடைவிடாமல் நடைபெறுகிறது.

இப்படிச் சுழலும் வஸ்துவைத்தான் பட்டறைகளில் பொதுவாகக் கேஸ் என்கிறார்கள். ஆனால் அது ஒன்றல்ல. பழைய வண்டிகளில் இருப்பது ஆர்-12. அதற்குப் பின் வந்த வண்டிகளில் இருப்பது ஆர்-134ஏ. மிகப் புதிய வண்டிகள் பலவற்றில் ஆர்-1234 ஒய்.எஃப். என்னும் மூன்றாவது வாயு இருக்கிறது. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்றைப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் துவாக்குடியில் பார்த்தோம்.

ஒரு வாயுவின் சரித்திரம்

குளிர் யந்திரங்கள் தோன்றிய காலத்தில் அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு, மெதில் குளோரைடு ஆகிய விஷ வாயுக்களையே அவற்றில் உபயோகித்தார்கள். கசிவு ஏற்பட்டால் வீட்டிலுள்ளோர் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாற்றாக, 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய சகாக்களும் ஆர்-12 என்னும் வாயுவைக் கண்டார்கள். அது எரியாது, விஷமும் அல்ல. 1930-இல் ரஸாயன சங்கத்தார் கூட்டத்தில் மிட்ஜ்லி அதைத் தாமே சுவாசித்து, வெளிவிட்ட மூச்சினால் ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். சபையோர் பிரமித்தார்கள். 1939-இல் பக்கார்டு கம்பெனியார் குளிர் சாதனம் பொருத்திய மோட்டார் வண்டியை முதன் முதலில் வெளியிட்டார்கள். அதன் பிறகு சுமார் அரை நூற்றாண்டு காலம் உலகத்து வண்டிகளில் ஆர்-12 ஏகபோகமாக ஆட்சி புரிந்தது.

வீட்டுக்குள் இத்தனை சாதுவான வாயு, ஆகாயத்தில் அப்படி இருக்கவில்லை. 1974-இல் மொலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள், இவ்வகை வாயுக்கள் மேல் மண்டலத்தை அடைந்து, சூரிய ஒளியினால் சிதைந்து, குளோரினை வெளிவிடுகின்றன என்றும், அந்தக் குளோரின் பூமிக்குக் குடைபோல் இருக்கும் ஓஸோன் படலத்தை அழிக்கிறது என்றும் எச்சரித்தார்கள். பலர் நம்பவில்லை. 1985-இல் தென் துருவத்துக்கு மேலே அந்தக் குடையில் பெரும் ஓட்டை விழுந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டார்கள். இரண்டே வருஷங்களில், 1987 செப்டம்பர் 16-ஆம் தேதி, மாண்ட்ரீல் நகரில் உலக ஒப்பந்தம் பிறந்தது. எச்சரித்த இருவருக்கும், அவர்களுக்கு முன்னோடியான க்ருட்ஸனுக்கும் 1995-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நமது தேசம் இதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடவில்லை. ஓஸோன் குடையைக் கிழித்தவர்கள் செல்வ நாட்டார். தைக்கும் செலவை ஏழை நாட்டார்மீது சுமத்துவது நியாயமா என்று இந்தியா வாதாடியது. 1990-இல் லண்டனில் கூடிய மகாநாட்டில், ஏழை நாடுகளுக்கு உதவ ஒரு பொது நிதி ஏற்படுத்த இசைந்தார்கள். 1992-இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நம் நாட்டில் இவ்வகை வாயுக்களை உற்பத்தி செய்த ஆலைகளுள் ஒன்று நம் மேட்டூரிலேயே இருந்தது. ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக் கருவிகளுக்கு வேண்டியது நீங்கலாக, 2008 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு, கெடு முடிவதற்கு முன்பாகவே, இந்தியா அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் வண்டிகள் இருக்கின்றன அல்லவா? உற்பத்தி நின்றுபோன வாயுவுக்காக வடிவமைத்த வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றில் எதை நிரப்புவது என்ற இடத்தில்தான் குழப்பம் பிறக்கிறது.

அடையாளம் காணும் வழிகள்

முதலாவது, வண்டி பிறந்த வருஷம். அமெரிக்காவில் 1992 முதல் 1994 வரையிலான மாடல்களில் ஆர்-12 படிப்படியாக நீங்கி ஆர்-134ஏ வந்தது. 1996 முதல் அங்கே ஆர்-12-ஐச் செய்வதும் இறக்குமதி செய்வதும் நின்றன. நம் நாட்டில் மாற்றம் அதைவிடத் தாமதமாகவே நடந்தது. ஐரோப்பாவில் 2017 முதல் விற்கப்படும் புது வண்டிகளில் ஆர்-134ஏ கூடாது. அங்கே பெரும்பாலும் ஆர்-1234 ஒய்.எஃப். வந்துவிட்டது. எனினும் வருஷம் என்பது ஜாதகம் மாதிரி. ஓர் ஊகத்துக்கு உதவும், சாட்சியாகாது. முப்பது வருஷத்தில் யார் எதை மாற்றினார்களோ!

இரண்டாவது, பானெட்டைத் திறந்தால் உட்புறத்திலோ முகப்புச் சட்டத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டு. வாயுவின் பெயர், எத்தனை கிராம் கொள்ளும், எந்த எண்ணெய் என்ற மூன்று விவரங்களும் அதில் இருக்கும். ஆர்-12 வண்டியை ஆர்-134ஏ-க்கு மாற்றினால், பழைய சீட்டை மறைத்து வெளிர் நீல நிறத்தில் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. நல்ல பட்டறைகள் எங்கும் இம்மாதிரி எழுதி ஒட்டுகின்றன. எங்கள் வண்டியில் சீட்டு இருந்த இடத்தில் பசையின் சுவடு மட்டுமே இருந்தது.

மூன்றாவது, கண்ணால் காணக்கூடிய மிக நல்ல அடையாளம்: வாயு நிரப்பும் வாய்கள். குளிர் சாதனத்தின் குழாய்களில், மூடி போட்ட இரண்டு சிறு வாய்கள் இருக்கும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். வாயின் வெளிப்புறத்தில் திருகு மரை இருந்தால் அது ஆர்-12-க்காகச் செய்த சாதனம். மரை இல்லாமல் வழவழப்பாக, சற்றுப் பருமனாக, கழுத்தில் ஒரு பள்ளத்துடன் இருந்தால் அது ஆர்-134ஏ. ஒன்றின் குழாய் மற்றொன்றில் பொருந்தக்கூடாது என்பதற்காகவே இப்படி வேறுபடுத்தினார்கள். ஆர்-1234 ஒய்.எஃப். வாயுவுக்கும் தனி அளவுகள் உண்டு. மரையுள்ள பழைய வாயின்மேல் ஒரு புதிய முனையைத் திருகிப் பொருத்தியிருந்தால், யாரோ ஆர்-134ஏ-க்கு மாற்றியிருக்கிறார்கள், அல்லது மாற்ற முயன்றிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எங்கள் வண்டியில் இரண்டு வாய்களில் ஒன்றில் மட்டும் அத்தகைய முனை இருந்தது. பாதி மாற்றம்! அரைகுறை வேலைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

நான்காவது, கம்ப்ரஸரின் மீதுள்ள தகடு. ஆர்-12 கனிம எண்ணெயோடு கலந்து ஓடும். ஆர்-134ஏ கனிம எண்ணெயோடு கலவாது, அதற்குப் பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் என்னும் செயற்கை எண்ணெய் வேண்டும். தகட்டில் எந்த எண்ணெய் குறித்திருக்கிறதோ, அந்த யந்திரம் எந்த வாயுவுக்காகப் பிறந்தது என்பதை அது சொல்லிவிடும். எங்கள் வண்டி கெட்டதற்குக் காரணமும் இங்கேதான் இருந்தது. கனிம எண்ணெய் உள்ள யந்திரத்தில் ஆர்-134ஏ-ஐ நிரப்பிவிட்டார்கள். வாயு மட்டும் சுழன்றது. எண்ணெய் குழாய்களின் மூலையில் தங்கிவிட்டது. எண்ணெய் திரும்பி வராத கம்ப்ரஸர் இரண்டு கோடை உழைத்து, இறுகிப்போயிற்று.

அழுத்தமானி ஏமாற்றும்

"பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும், ஸார்" என்று ஒரு மெக்கானிக் என்னிடம் அடித்துச் சொன்னார். இது பரவலான தவறு. வண்டி ஓடாமல் நிற்கும்போது உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் வெளி உஷ்ணத்தைப் பொறுத்தது. 30 டிகிரி ஸெல்ஸியஸில் ஆர்-12-இன் அழுத்தம் சுமார் 7.4 பார், ஆர்-134ஏ-இன் அழுத்தம் சுமார் 7.7 பார். பட்டறையிலுள்ள சாதாரண முள்மானியில் இந்த வித்தியாசம் முள்ளின் தடிப்புக்குள் மறைந்து போகும். மாற்று வாயுவாக ஆர்-134ஏ-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு, அதன் நடத்தை ஆர்-12-ஐ ஒத்திருந்ததும் ஒரு காரணம் அல்லவா? கலப்பட வாயுவையும் இதே அழுத்தம் காட்டும்படி சேர்த்துவிட முடியும்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வாயுவைப் பரிசோதிக்கும் கருவி. சிறிதளவு வாயுவை உள்ளே வாங்கி, அதனூடே அகச்சிவப்புக் கிரணங்களைச் செலுத்தி, எந்த வாயு எத்தனை பங்கு என்று அது எழுதிக் காட்டும். திருச்சியில் ஒரு பெரிய பட்டறையில் இக்கருவி இருந்தது. மாமனாரும் நானும் அதன் முன்னே, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல் நின்றோம். வந்த விடையில் ஆர்-134ஏ இருந்தது, மிச்சமிருந்த ஆர்-12 இருந்தது, காற்று இருந்தது. நான்காவதாக ஹைட்ரோகார்பன் என்று ஒரு வரி வந்தது. மெக்கானிக்கின் முகம் மாறியது.

"அடுப்பு கேஸ் ஜாதி, ஸார். யாரோ மலிவு என்று கலந்திருக்கிறார்கள். பெட்டியை மூடுங்கள், இங்கே யாரும் தீக்குச்சி கிழிக்காதீர்கள்" என்றார்.

மாமனார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த வாயு கசியக்கூடிய குழாய்ச் சுருள், மாமியார் உட்காரும் ஆசனத்துக்கு எதிரேதான் இருந்தது.

மலிவான கலப்படம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு உலக உதாரணமும் உண்டு. 2011-இல் கப்பல்களில் ஏற்றும் குளிர்ப் பெட்டிகளில், ஆர்-134ஏ என்று பொய்ப் பெயரிட்டு விற்ற வாயுவில் மெதில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் வஸ்துவாக மாறிற்று. பெட்டிகள் வெடித்தன, வேலையாட்கள் மாண்டார்கள். எந்த விஷத்தை விரட்டுவதற்காக 1928-இல் அவ்வளவு பாடுபட்டார்களோ, அதையே பேராசை திரும்பவும் அழைத்து வந்தது.

செய்ய வேண்டியதும் கூடாததும்

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியது பார்ப்பது ஒன்றே. சீட்டைப் பாருங்கள், வாய்களின் மரையைப் பாருங்கள், தகட்டைப் பாருங்கள். வாயின் உள்ளே இருக்கும் ஊசியை அமுக்கி, மோந்து பார்த்துச் சோதிக்கவே கூடாது. உள்ளிருக்கும் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 26 முதல் 30 டிகிரியில் கொதிப்பது. கண்ணிலோ விரலிலோ பட்டால் உறைந்து புண்ணாகும். நெருப்பருகே ஆர்-12 கசிந்தால் சிதைந்து விஷப் புகையாகும்.

எந்த வாயு என்று தெரியாதபோது மேலே மேலே நிரப்பவும் கூடாது. வாயு குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகும். இருப்பதைக் காற்றில் விடாமல், அதற்குரிய யந்திரத்தால் சிலிண்டரில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கிலோ ஆர்-12 வெளியேறினால், நூறு வருஷக் கணக்கில், ஏறக்குறைய 10,900 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமமான உஷ்ணத்தைப் பூமிக்கு உண்டாக்கும். ஓஸோனுக்குத் தீங்கு செய்யாத ஆர்-134ஏ கூட இந்தக் கணக்கில் 1,430 மடங்கு. ஆகையால் அதையும் குறைப்பதென்று 2016-இல் கிகாலி நகரில் உலகத்தார் இசைந்தார்கள். 2021-இல் இந்தியாவும் அதை ஏற்றது.

ஆர்-12 வண்டியை முறைப்படி மாற்றலாம். பழைய வாயுவை முழுதும் எடுத்து, எண்ணெயை மாற்றி, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட்டு, இரண்டு வாய்களிலும் புது முனை பொருத்தி, காற்றை வெளியேற்றிய பின் ஆர்-134ஏ-ஐ நிறுத்து நிரப்ப வேண்டும். பழைய அளவில் 80 முதல் 90 சதவிகிதமே பொதுவாகப் போதுமானது. 900 கிராம் ஆர்-12 கொண்ட வண்டிக்கு 720 முதல் 810 கிராம் வரை. குளிர்ச்சி முன்போல் அவ்வளவு கடுமையாக இராது, ஆனால் போதும்.

எங்கள் வண்டிக்கும் அப்படியே செய்தார்கள். தீப்பற்றும் கலவையாகையால் பழைய வாயுவை எடுப்பதற்குத் தனி ஏற்பாடு செய்தார்கள். கம்ப்ரஸரும் புதிது. மாமனாரின் இரண்டு மாதப் பென்ஷன் அதற்கே சரியாகப் போயிற்று. "முதல் தடவையே என்ன கேஸ் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது மிச்சம், மாப்பிள்ளை" என்றார். அதில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

மேல் மண்டலத்து ஓஸோன் குடை மெல்ல மெல்லத் தேறி வருகிறது. உலகம் கொடுத்த வாக்கின்படி நடந்தால், உலகின் பெரும்பகுதியில் 2040-ஆம் வருஷ வாக்கிலும், தென் துருவத்தில் 2066 வாக்கிலும் அது 1980-இல் இருந்த நிலையை அடையும் என்று 2022-ஆம் வருஷத்து விஞ்ஞான அறிக்கை மதிப்பிட்டிருக்கிறது. பெரிய பெரிய மகாநாடுகளில் போட்ட கையெழுத்துக்களை நிறைவேற்றும் இடம், கடைசியில், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பட்டறையில் திறந்து கிடக்கும் ஒரு பானெட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

இப்போது மாமனாரின் வண்டியில் பானெட்டைத் திறந்தால், உட்புறத்தில் வெளிர் நீலச் சீட்டு ஒன்று தெரியும். வாயுவின் பெயர், எடை, எண்ணெய், தேதி நான்கும் அதில் இருக்கின்றன. அச்சு அழிந்து போகலாம் என்று, அவரே தமது பழைய கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் இன்னொரு காகிதத்தில் அதை எழுதி, வண்டியின் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறார். சென்ற மாதம் நடுப்பகலில் மாமியாரை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்தார்கள். துவாக்குடி தாண்டும்போது மாமியார் நல்ல தூக்கத்தில் இருந்தாராம்.